மூளை ரத்தக்குழாய் வீக்கம் வெடிக்குமா, வெடிக்காதா? டாக்டர்கள் கணக்குப் போடுவது எப்படி?

மரக்காணம் உப்பளத்தில் தலைவலி என்பது செய்தியே இல்லை. விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, பலகையால் உப்பை வாரி வரப்பில் குவித்து, வெள்ளை வெளேரென்ற உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பார்த்தபடியே வேலை செய்பவர்களுக்குத் தலை கனப்பது வழக்கம். "வெயில்ல நின்னது, தண்ணி குடிக்கல, அதான்" என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாள் மறுபடி பாத்திக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலும் அது சரியான கணிப்புதான்.

ஆனால் எல்லாத் தலைவலியும் வெயில் தலைவலி இல்லை. உலக அளவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் பத்துப் பேருக்கும் குறைவானவர்களுக்கு மூளையில் உள்ள ரத்தக்குழாய் வீக்கம் ஒன்று வெடித்து, மூளையைச் சுற்றி ரத்தம் கசிகிறது. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அப்படி வெடித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உயிரிழக்கிறார். பிழைத்தவர்களில் பலருக்குப் பழைய வேலைக்குத் திரும்ப முடிவதில்லை.

அப்படியானால் வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்து, 'இது வெடிக்கும், இது வெடிக்காது' என்று சொல்லிவிட முடியாதா? முடியும், ஆனால் ஓரளவுக்குத்தான். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதையும், அந்தக் கணக்கில் நம் ஊர் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம்.

முதலில், இது என்ன வீக்கம்?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவரில் ஓர் இடம் பலவீனமாகிறது. உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தம் தாங்காமல் அந்த இடம் வெளியே புடைக்கிறது. குழாய்கள் இரண்டாகப் பிரியும் கிளை முனைகளில்தான் இது அதிகம். மருத்துவத்தில் இதன் பெயர் 'அனியூரிசம்'. 'விரிதல்' என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. தமிழில் குருதிநாளப் புடைப்பு என்று எழுதுவோரும் உண்டு. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வது என்னவோ, "குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கும்மா" என்றுதான்.

உப்பளக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வரப்பு எல்லா இடத்திலும் ஒரே பலத்தில் இருப்பதில்லை. தண்ணீர் வந்து மோதும் திருப்பத்தில் மண் முதலில் கரையும். அங்கே வரப்பு கொஞ்சம் வெளியே தள்ளும். தள்ளிய வரப்பு எல்லாமே உடைந்துவிடாது, பல வரப்புகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். மூளையிலும் இதே கதைதான். பெரியவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இந்த வீக்கம் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நூற்றுக்கு மூன்று பேர்! அவர்களில் பெரும்பாலானோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து, வேறு ஏதோ காரணத்தால் வயதாகி இறந்துபோகிறார்கள்.

செய்திகளில் வந்த பெயர்கள்

இந்தச் சொல் நம் வீட்டு டிவிக்குள் பரவலாக வந்தது 2025 ஜூனில். 'தி கிரேட் இந்தியன் கபில் ஷோ'வில் பேசிய நடிகர் சல்மான் கான், முகத்தில் கடும் வலி தரும் நரம்புக் கோளாறோடு, மூளையில் அனியூரிசமும் இருக்கிறது, அப்படியும் வேலை செய்கிறேன் என்றார். உடனே 'சல்மானுக்கு என்ன ஆச்சு' என்று தேடியவர்கள் ஏராளம்.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடுவது நல்லது. 2024 செப்டம்பர் 30 அன்று ரஜினிகாந்த் சென்னை அப்போலோவில் அனுமதிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட வீக்கம், இதயத்தில் இருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயில் ஏற்பட்டது. மூளையில் அல்ல. அறுவை சிகிச்சை இல்லாமல் குழாய் வழியாகவே ஸ்டென்ட் வைத்து அதை அடைத்தார்கள். 2024 மார்ச்சில் ஜக்கி வாசுதேவுக்கு டெல்லியில் அவசர அறுவை சிகிச்சை நடந்தது மூளை உறைக்குக் கீழே ரத்தம் தேங்கியதற்காக. அதுவும் வேறு.

மூளை அனியூரிசம் வெடித்தாலே முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர்: ஜோ பைடன். 1988-ல், 45 வயதில், மூளையில் இருந்த இரண்டு வீக்கங்களுக்கு அடுத்தடுத்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அமெரிக்க அதிபரானது அதற்கு 30 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

கணக்கு எங்கே தொடங்கியது?

வெடித்த பிறகு சிகிச்சை தருவதில் டாக்டர்களுக்குப் பெரிய சந்தேகம் இல்லை, உடனே அடைத்தாக வேண்டும். சிக்கல் எல்லாம் வெடிக்காத வீக்கத்தில்தான். வேறு எதற்கோ எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால், 'இங்கே 6 மில்லிமீட்டரில் ஒன்று இருக்கு' என்று அறிக்கை வருகிறது. அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

அறுவை செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, இப்படிப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2003-ல் 'லான்செட்' இதழில் வந்தது. 4,060 பேர். அதில் தெரிந்த முக்கியமான விஷயம் அளவும் இடமும். முன்பகுதிக் குழாய்களில் 7 மில்லிமீட்டருக்கும் சிறிய வீக்கம், இதற்கு முன் வேறு எதுவும் வெடித்ததில்லை என்றால், 5 ஆண்டுகளில் வெடித்தது அந்த ஆய்வில் பூஜ்யம். அதே இடத்தில் 25 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் 40 சதவீதம். பின்பகுதிக் குழாய்களில் அதே அளவுக்கு 50 சதவீதம்.

அடுத்து ஜப்பான். 5,720 பேரைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2012-ல் வெளியானது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவாக, 0.95 சதவீதம் வெடித்தது. உருவமும் முக்கியம் என்று அவர்கள் காட்டினார்கள். வீக்கத்தின் மேல் இன்னொரு குட்டி வீக்கம் முளைத்திருந்தால் ஆபத்து சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல். வழவழப்பான உருண்டையைவிட, மேடு பள்ளமாக இருப்பதைப் பார்த்தால் டாக்டர் முகம் மாறுவதற்குக் காரணம் இதுதான்.

ஆறு கேள்வி, ஒரு மதிப்பெண்

இப்படி ஆறு ஆய்வுகளின் தகவல்களை ஒன்றாகச் சேர்த்து, 8,382 பேரின் விவரத்தை வைத்து, 2014-ல் ஒரு மதிப்பெண் முறை உருவாக்கினார்கள். பெயர் 'ஃபேசஸ்'. உலகம் முழுவதும் மூளை நரம்பு டாக்டர்கள் அதிகம் குறிப்பிடும் கணக்கு இது.

கேள்விகள் ஆறுதான். நோயாளி எந்த நாட்டு மக்களைச் சேர்ந்தவர்? உயர் ரத்த அழுத்தம், அதாவது பி.பி., உண்டா? இருந்தால் 1 மதிப்பெண். வயது 70 அல்லது அதற்கு மேலா? 1. வீக்கத்தின் அளவு என்ன? 7 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் 0, 7 முதல் 10-க்குள் என்றால் 3, 10 முதல் 20-க்குள் என்றால் 6, அதற்கு மேல் 10. முன்பு வேறு வீக்கம் வெடித்து ரத்தம் கசிந்ததுண்டா? 1. எந்தக் குழாயில் இருக்கிறது? இடத்தைப் பொறுத்து 0, 2 அல்லது 4.

மொத்தம் 2 அல்லது அதற்குக் கீழே வந்தால், அடுத்த 5 ஆண்டுகளில் வெடிக்கும் வாய்ப்பு 0.4 சதவீதம். 5 மதிப்பெண் என்றால் 1.3 சதவீதம். 8 என்றால் 3.2. 10 என்றால் 5.3. 12-ம் அதற்கு மேலும் போனால் 17.8 சதவீதம்.

பள்ளிக்கூட மார்க் மாதிரி எளிதாக இருக்கிறது, இல்லையா? முதல் கேள்வியைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

நமக்கான வரிசை எங்கே?

'எந்த நாட்டு மக்கள்' என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் மூன்றே பதில்கள். வட அமெரிக்கர் அல்லது பின்லாந்து தவிர்த்த ஐரோப்பியர்: 0. ஜப்பானியர்: 3. பின்லாந்துக்காரர்: 5. அவ்வளவுதான். இந்தியர் என்று ஒரு வரிசை கிடையாது. ஆய்வு நடந்த நாடுகளின் பெயர்கள்தான் அதில் இருக்கின்றன. இந்தியாவில் அப்படி ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்த ஆய்வு அந்த ஆறில் இல்லை.

இது ஏதோ அட்டவணைக் குறை என்று தள்ளிவிட முடியாது. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மரக்காணம் பக்கத்தில் 52 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம், கற்பனைதான். பி.பி. உண்டு. கண் நரம்புக்கு அருகே போகும் பின் இணைப்புத் தமனியில் 6 மில்லிமீட்டர் வீக்கம். பி.பி.க்கு 1, இடத்துக்கு 4. அமெரிக்கர் வரிசையில் வைத்தால் மொத்தம் 5. ஐந்து ஆண்டு ஆபத்து 1.3 சதவீதம்.

அதே பெண்ணை ஜப்பான் வரிசையில் வைத்தால் 8 மதிப்பெண், 3.2 சதவீதம். பின்லாந்து வரிசையில் வைத்தால் 10 மதிப்பெண், 5.3 சதவீதம். ஆள் அதே ஆள், வீக்கமும் அதேதான். எந்த வரிசையில் உட்கார வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆபத்து நான்கு மடங்கு மாறுகிறது.

நம் டாக்டர்கள் நடைமுறையில் என்ன செய்ய முடியும்? அட்டவணையை ஒரு வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, மீதியைத் தங்கள் அனுபவத்தால் நிரப்ப வேண்டியதுதான். பின்லாந்துக்கு 5 மதிப்பெண் கொடுத்ததே சரியா என்று அந்த நாட்டு ஆய்வாளர்களே பிறகு கேள்வி எழுப்பியிருக்கிறார்கள் என்பது வேறு கதை.

1969-ல் சென்னையில் இருந்து ஒரு கட்டுரை

இந்தியர்களுக்கு இது எவ்வளவு வருகிறது என்ற கேள்வி புதிதல்ல. சீர்காழியில் பிறந்தவர், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-ல் மூளை நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் பி.ராமமூர்த்தி. இந்தியாவில் மூளை அனியூரிசம் எவ்வளவு காணப்படுகிறது என்பதைப் பற்றியே 1969-ல் அமெரிக்காவின் 'ஜர்னல் ஆஃப் நியூரோசர்ஜரி' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே குறைவு என்பதே அந்தக் காலத்தில் நிலவிய பார்வை.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். உலகின் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டதே 1971-ல், லண்டனில். அதற்கு முன்பு ஒருவருக்கு மூளையில் ரத்தக் கசிவு என்று தெரிய வேண்டுமானால் அவர் உயிரோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர வேண்டும், அல்லது இறந்த பிறகு பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். கடலோரக் கிராமத்தில் வேலைக்கு நடுவே 'தலை வலிக்குது' என்று உட்கார்ந்து, மாலைக்குள் இறந்துபோன ஒருவர் எந்தப் புள்ளிவிவரத்தில் வருவார்? 'வெயில் தாங்கல', 'மாரடைப்பு' என்று ஊர் பேசும், அதோடு சரி. உண்மையிலேயே நமக்குக் குறைவா, அல்லது நாம் எண்ணவில்லையா என்ற விவாதம் இந்திய மூளை நரம்பு டாக்டர்களிடையே அதன் பிறகும் நீண்டுகொண்டுதான் இருந்தது.

சதவீதம் என்பது ஆளைச் சொல்வதில்லை

1.3 சதவீதம் என்றால் என்ன பொருள்? இதே நிலையில் ஆயிரம் பேர் இருந்தால், 5 ஆண்டுகளில் 13 பேருக்கு வெடிக்கும், 987 பேருக்கு வெடிக்காது. அந்த 13 பேர் யார் என்று மதிப்பெண் சொல்லாது.

இந்தக் கடற்கரைக்காரர்களுக்குப் புயல் கணிப்பு தெரியும். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, புதுச்சேரி அருகே கரையைக் கடக்கும் என்றது வானிலை மையம். நவம்பர் 30 இரவு அப்படியே நடந்தது. ஆனால் புயலைச் செயற்கைக்கோள் மணிக்கு மணி பார்த்துக்கொண்டிருக்கிறது. மூளைக்குள் இருக்கும் வீக்கத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ படம் பிடிக்கலாம். நடுவில் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

இன்னொரு முரண்பாடும் உண்டு. 'சின்ன வீக்கம், பயம் இல்லை' என்கிறார்கள். ஆனால் வெடித்து ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் நிறையப் பேருக்குச் சின்ன வீக்கம்தான் இருக்கிறது. எப்படி? ஊரில் ஆயிரம் பேருக்குச் சிறியதும், 20 பேருக்குப் பெரியதும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் 0.4 சதவீதம் என்றால் 4 பேர். இருபதில் 17.8 சதவீதம் என்றாலும் 4 பேர் வரவில்லை. சிறியதன் ஆபத்து குறைவுதான், ஆனால் சிறியவை எண்ணிக்கையில் ரொம்ப அதிகம்.

இந்த மதிப்பெண்ணில் இல்லாத விஷயங்களும் முக்கியம். பீடி, சிகரெட் பழக்கம் அந்த ஆறு கேள்விகளில் இல்லை. குடும்பத்தில் இருவருக்கு இருந்ததா என்பதும் இல்லை. வீக்கத்தின் உருவமும் இல்லை. இல்லை என்பதால் அவை ஆபத்தில்லை என்று ஆகாது. புகைப்பது இந்த வீக்கம் உருவாவதற்கும் வெடிப்பதற்கும் காரணம் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு கிடையாது.

அப்படின்னா எல்லாவற்றையும் அடைத்துவிடலாமே?

அடைக்க வழி இருக்கிறது. மண்டையைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் டைட்டானியம் கிளிப் போடுவது ஒன்று. தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, வீக்கத்துக்குள் பிளாட்டினம் கம்பிச் சுருளை நிரப்புவது இன்னொன்று. இதைத்தான் 'காயில் வைப்பது' என்கிறார்கள். ரத்தம் வீக்கத்துக்குள் போகாமல் திசைதிருப்பும் வலைக்குழாயும் இப்போது உண்டு.

ஆனால் வெடிக்காத வீக்கத்துக்குச் செய்யும் சிகிச்சையிலேயே ஆபத்து இருக்கிறது. 2019-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், குழாய் வழியான சிகிச்சையில் நூற்றுக்கு சுமார் 5 பேருக்கும், கிளிப் அறுவையில் சுமார் 8 பேருக்கும் ஏதாவது ஒரு பாதிப்பு ஏற்பட்டது. இறப்பு இரண்டிலுமே ஒரு சதவீதத்துக்கும் கீழ்தான். எல்லாப் பாதிப்பும் நிரந்தரமானது அல்ல. இருந்தாலும் 5 ஆண்டுகளில் 1.3 சதவீத ஆபத்துக்காக, இன்றைக்கே 5 சதவீத ஆபத்தை ஏற்கலாமா என்பது நியாயமான கேள்வி. 'இப்போதைக்கு விட்டுடலாம், ஆறு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுப்போம்' என்று டாக்டர் சொன்னால், அவர் அலட்சியமாகச் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. இந்தத் தராசைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

வயது தராசைச் சாய்க்கும். 75 வயதுக்காரருக்கு 5 ஆண்டுக் கணக்கே போதுமானதாக இருக்கலாம். 35 வயதுக்காரருக்கு முன்னால் இன்னும் 40 ஆண்டுகள் இருக்கின்றன. அவருக்கு அதே சின்ன சதவீதம் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஒரே அளவு வீக்கத்துக்கு இரண்டு பேருக்கு இரண்டு விதமான ஆலோசனை கிடைக்கிறது.

எல்லோரும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்றால், வேண்டாம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் இருவருக்கோ அதற்கு மேலோ இந்த வீக்கம் இருந்தவர்கள், பரம்பரையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உருவாகும் நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்கலாம். மற்றவர்கள் தேடிப் போனால் கவலைதான் மிஞ்சும்.

கையில் இருப்பது ஒன்று: பி.பி.

அந்த ஆறு கேள்விகளைத் திரும்பப் படித்தால் ஒன்று தெரியும். பிறந்த நாட்டை மாற்ற முடியாது. வயதை, இடத்தை, அளவை மாற்ற முடியாது. நாம் கை வைக்க முடிந்தது பி.பி. ஒன்றில்தான். பட்டியலுக்கு வெளியே என்றால் புகையை நிறுத்துவது.

இந்த இடத்தில் உப்பளத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. உப்பைச் சாப்பிட்டால் பி.பி. ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். உப்பில் வேலை செய்தால்? ராஜஸ்தானில் ஜோத்பூர் பாலைவன மருத்துவ ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உப்பு அரைக்கும் ஆலைகளுக்கு அருகே வேலை செய்பவர்களிடம், உப்புநீரில் வேலை செய்பவர்களைவிட உயர் ரத்த அழுத்தம் அதிகம் காணப்பட்டது. காற்றில் பறக்கும் உப்புத் தூள் மூக்கு வழியாக உள்ளே போவதுதான் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்து, சிலருக்கு முகக்கவசமும் கண்ணாடியும் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே அவர்களின் ரத்த அழுத்தம் குறைந்தது.

இது ராஜஸ்தான் ஆய்வு, அப்படியே மரக்காணத்துக்கு ஒட்டிவிட முடியாது. திறந்த பாத்தியில் உப்பு வாருபவருக்கும் ஆலையில் அரைத்து மூட்டை கட்டுபவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் உப்பைத் தூளாக்கி, பாக்கெட் போடும் இடத்தில் இருப்பவர்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் வெப்பம் சிறுநீரகத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். சிறுநீரகம் கெட்டால் பி.பி.யும் ஏறும், அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

சாப்பாட்டு உப்பு விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். கருவாடும் ஊறுகாயும் தட்டில் இருக்கும் வீட்டில் இது சுலபமில்லை. அதே சமயம், நாள் முழுக்க வியர்வை சிந்தி வேலை செய்பவர் டாக்டரைக் கேட்காமல் உப்பை அடியோடு நிறுத்தவும் கூடாது.

பி.பி. இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். சிக்கல் என்னவென்றால், 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று பாதியில் மாத்திரையை நிறுத்திவிடுவது. வீக்கம் இருப்பது தெரிந்தவர் அப்படிச் செய்வது, கரைந்த வரப்புக்கு மேல் இன்னும் தண்ணீரைத் திறந்துவிடுவது மாதிரி.

எந்தத் தலைவலிக்கு ஓட வேண்டும்?

வெயில் தலைவலி மெல்ல மெல்ல ஏறும். நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் குறையும். வீக்கம் வெடிக்கும் தலைவலி அப்படி வராது. சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரே நொடியில், அல்லது ஒரு நிமிடத்துக்குள், உச்சத்துக்குப் போய்விடும். 'என் ஜென்மத்துல இப்படி ஒரு வலி வந்ததில்ல' என்றுதான் பிழைத்தவர்கள் சொல்கிறார்கள். கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை, மயக்கம், சிலருக்கு வலிப்பு.

வெடிப்பதற்கு முன்பே அறிகுறி கிடைப்பதும் உண்டு. சிலருக்குச் சில நாட்களுக்கு முன் இதே மாதிரி திடீர் வலி வந்து அடங்கும். திடீரென்று ஒரு கண்ணிமை மட்டும் தொங்கி, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தால், வீக்கம் கண் நரம்பை அழுத்துகிறது என்று பொருளாக இருக்கலாம். 'காத்து அடிச்சிருக்கும்' என்று எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், இரண்டு காரணம். ஒன்று, ஒரு முறை வெடித்த வீக்கம் மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாவது முறை வெடித்தால் பிழைப்பது கடினம். இன்னொன்று, வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் ரத்தக் கசிவு கிட்டத்தட்டத் தப்பவே தப்பாது. 2011-ல் கனடாவில் 3,132 பேரிடம் நடந்த ஆய்வு இதைக் காட்டியது. நேரம் கடக்கக் கடக்க ரத்தம் கரைந்து படத்தில் மங்கும். அப்புறம் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டி வரும்.

மரக்காணத்தில் இருந்து புதுச்சேரி சுமார் 35 கிலோமீட்டர். அங்கே ஜிப்மர் இருக்கிறது. விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆறு மணி நேரத்துக்குள் சேர்வதற்குத் தூரம் தடையில்லை. தடை என்பது, 'கொஞ்சம் படுத்து எந்திரிச்சா சரியாயிடும்' என்று வீட்டில் கழியும் நேரம்தான். 108-க்கு அழைக்கும்போது 'தலைவலி' என்று மட்டும் சொல்லாமல், 'திடீர்னு வந்தது, இத்தனை மணிக்கு வந்தது' என்று சொல்வது நல்லது. மயங்கியவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. வலிக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரை கொடுக்கக் கூடாது, அது ரத்தம் உறைவதைத் தடுக்கும்.

காப்பி குடிக்கலாமா?

வீக்கம் இருப்பது தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது. நெதர்லாந்தில் வெடிப்புக்கு ஆளான 250 பேரிடம், அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டு 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. காப்பி, கோலா, கோபம், திடுக்கிடல், மூக்கைப் பலமாகச் சிந்துவது, மலம் கழிக்க முக்குவது, தாம்பத்திய உறவு, கடும் உடற்பயிற்சி என எட்டு விஷயங்கள் கிடைத்தன. எல்லாமே சற்று நேரத்துக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை.

பட்டியலைப் படித்தால் வாழவே கூடாது போலத் தோன்றும். அப்படி இல்லை. அந்த நேரத்து ஆபத்து சில மடங்கு ஏறினாலும், மிகச் சிறிய எண்ணின் சில மடங்கு இன்னமும் சிறிய எண்தான். இத்தனை காலமாகக் காப்பி குடித்தும் கோபப்பட்டும் வந்தவருக்கு அந்த வீக்கம் வெடிக்காமல்தான் இருந்திருக்கிறது. மலச்சிக்கலைச் சரிசெய்துகொள்வதும், மூச்சை அடக்கி அதிக பாரம் தூக்குவது பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வதும் போதும். உப்பு மூட்டை தூக்கும் வேலையில் இருப்பவர் தன் வேலை என்ன என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவருக்குத் தெரியாது.

படத்தைத் தூக்கிப் போடாதீங்க

கம்ப்யூட்டரில் ரத்த ஓட்டத்தைப் படமாக ஓட்டிப் பார்ப்பது, செயற்கை நுண்ணறிவை வைத்து உருவத்தை அளப்பது, குழாய்ச் சுவர் சிவந்து வீங்கியிருக்கிறதா என்று தனி எம்.ஆர்.ஐ.யில் பார்ப்பது என்று ஆராய்ச்சிகள் நடக்கின்றன. எதுவும் இன்னும் டாக்டரின் மேசைக்கு முழுதாக வந்து சேரவில்லை.

இன்றைக்கு ஒருவருக்காகவே தனியாகச் சொல்லக்கூடிய கணிப்பு ஒன்று உண்டென்றால், அது வீக்கம் வளர்ந்திருக்கிறதா என்பது. போன ஆண்டு 5 மில்லிமீட்டர், இந்த ஆண்டு 6 என்றால், பழைய மதிப்பெண்ணை ஓரம் வைத்துவிட்டு சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஆனால் அதைச் சொல்லப் பழைய படம் வேண்டும். அறிக்கைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, ஃபிலிமையும் சி.டி. தகட்டையும் எங்கோ போட்டுவிடுகிறார்கள். கடற்காற்றில் பீரோவே துருப்பிடிக்கும் ஊரில் தகடு எத்தனை நாள் தாங்கும்? ஸ்கேன் எடுத்த இடத்திலேயே பென்டிரைவில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம். பிள்ளைகளின் செல்போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், முதலில் டாக்டர் கேட்கப்போவது அதைத்தான்.